லைட்ஹவுஸ் குப்பத்தில் செய்த மான்

1. ஜீப் தள்ளியவர்கள்

பழவேற்காடு பீட்டில் வனக்காப்பாளராக நான் போன முதல் காணும் பொங்கல் ரோந்தில், மான் வேட்டையாடிவிட்டுத் திரும்பிய ஐந்து பேருக்குக் கரும்பு கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பி வைத்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ரேஞ்சில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள்.

காணும் பொங்கல் அன்று பழவேற்காட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மெட்ராஸ் பக்கமிருந்து வேனிலும் மினி லாரியிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பாதிப் பேர் கடலுக்கு, மீதிப் பேர் ஏரிக்கு. காக்கிச் சட்டையில் நிற்பதால் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் டச்சுக் கல்லறைக்கு வழி கேட்பார்கள். டச்சுக்காரர்கள் இங்கே இருந்து வியாபாரம் செய்து செத்துப் புதைந்து முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்களைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு வழி சொல்லியே என் தொண்டை கட்டிவிடும்.

இந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வேட்டைக்காரர்களும் வருவார்கள். பொங்கல் முடிந்து காட்டில் இறங்கி முயலோ மானோ அடிப்பது சில ஊர்களில் பழக்கமாகவே இருந்தது. ஏரிக்கு மேற்கே, நெல் வயல்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே சூரைப் புதரும் சீமைக்கருவேலமுமாக எங்கள் காப்புக்காடு ஒரு துண்டு உண்டு. கோடையில் ஏரி வற்றும்போது தீவுப் பக்கமிருந்து புள்ளிமான்கள் கால் நனைய நடந்து வரும். மழையில் தண்ணீர் ஏறியதும் திரும்பிப் போக வழியில்லாமல் சில இந்தப் பக்கமே தங்கிவிடும். தை மாதத்தில் அந்தத் துண்டுக் காட்டில் எட்டோ பத்தோ மான்கள் அடைபட்ட மாதிரி நிற்கும். வேட்டைக்காரர்களுக்குத் தேடும் வேலைகூட மிச்சம்.

அன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஜீப் காட்டு ஓரத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டது. என்னோடு இருந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஏசுபாதம். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தள்ள, நான் ஓட்ட, பிறகு நான் தள்ள, அவர் ஓட்ட, வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியதுதான் மிச்சம். அப்போது காட்டுப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஐந்து ஆண்கள் இறங்கினார்கள். மேடம், நீங்க தள்ளி நில்லுங்கோ, நாங்க பாத்துக்கறோம் என்று அவர்களில் ஒருவன் சொன்னான். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். முழங்கால் வரை சேற்றில் நின்று ஐந்து பேரும் கால் மணி நேரம் போராடி வண்டியை மேலே ஏற்றினார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஜீப்பில் வைத்திருந்த கரும்பை ஆளுக்கொரு துண்டாக ஒடித்துக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் யார் இப்படி உதவுகிறார்கள் என்று ஏசுபாதம் அண்ணாவிடம் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

இரண்டாம் நாள் ஒரு போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. ஐந்து பேரில் ஒருவன் எடுத்தது. நான் கையில் கரும்போடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற நால்வரும் முதுகு காட்டி ஜீப்பைத் தள்ளுகிறார்கள். பக்கத்தில் அவர்களுடைய வேனின் பின்கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே கோணிக்கு அடியிலிருந்து ஒரு மானின் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேனின் நம்பர் பிளேட் முழுக்கச் சேறு. அந்தப் படத்தில் சேறு படாமல் தெளிவாகத் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.

2. மெமோ

மெமோ மூன்றாம் நாள் வந்தது. சந்தேகத்துக்குரிய வாகனத்தைச் சோதனையிடாமல், அதில் வந்தவர்களிடம் உதவி பெற்றது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டுமாம். எப்படி எழுதினாலும் வண்டி மாட்டிக்கொண்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் வரவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மலைப் பக்கம் எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். என் மகள் அப்போது பொன்னேரியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். என் கணவருக்கு அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. நான் மட்டும் மலையில் போய் உட்கார்ந்தால் வீடு இரண்டாக உடையும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த ஐந்து பேர் சுட்ட ரவைகளில் சில, ஏரி ஓரத்தில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்களின் தலைக்கு மேலே போயிருந்தன. ஒருத்தி தலையில் வைத்திருந்த அலுமினியக் குண்டானில் ஓட்டை விழுந்ததைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். ஒரு சாண் கீழே போயிருந்தால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே எழுத என்னால் முடிந்திருக்காது.

அந்த ஆவணியில் எங்களுக்குப் புது ரேஞ்சர் வந்தார். இளம் வயது. வேறு மாநிலத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வெளிநாடுகளில் வேட்டைக் காலத்தில் வன அதிகாரிகள் பொம்மை மானை ஓரமாக நிறுத்திவிட்டு, அதைச் சுட வருகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார்களாம். அதை நாமும் செய்வோம் என்றார். பொம்மைக்கு எங்கே போவது என்று கேட்டேன். அது உங்க பீட், நீங்கதான் ஏற்பாடு பண்ணணும் என்று சொல்லிவிட்டார்.

3. எத்திராஜின் நாய்

எனக்குத் தெரிந்து பழவேற்காட்டில் ஒரு உருவத்தைச் செய்து, மழையிலும் வெயிலிலும் நிற்க வைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடும் எத்திராஜ். பாறையில் இடித்த படகும், வெடித்த படகும் அவர் கைக்குப் போனால் புதுசாகி வரும். ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி இழைத் துணியை வெட்டி, ரெசின் பசையில் ஹார்டனர் கலந்து தடவி, காய வைத்துத் தேய்த்துவிடுவார்.

விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லி, கொம்போடு ஒரு ஆண் மான் வேண்டும் என்றேன். படம் ஒன்றும் கொடுத்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படத்துல ஒரு பக்கம்தானே கீது மேடம். இன்னொரு பக்கம் இன்னா மாரி இருக்கும்?”

அதே மாதிரிதான் இருக்கும் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஏசுபாதம் அண்ணாவோடு போனேன். படகுக் கொட்டகைக்குப் பின்னால் கோணி போட்டு மூடி வைத்திருந்தார். கோணியை எடுத்ததும் ஏசுபாதம் அண்ணா ஒரு அடி பின்னால் போனார். நல்ல உயரம், நல்ல பளபளப்பு. படகுக்கு அடிக்கும் சிவப்பையும் மஞ்சளையும் கறுப்பையும் கலந்து ஒரு பழுப்பு நிறம் கொண்டு வந்திருந்தார். புள்ளிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. இரும்புக் கம்பியை வளைத்து ஃபைபர் சுற்றிய கொம்பு அசல் கொம்பையே தோற்கடித்தது. ஆனால் வால் மேலே சுருண்டிருந்தது. மார்பு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. முகத்தில் யாரையோ வாசலில் நின்று வரவேற்கிற ஒரு பாவனை.

நான் மானைச் சுற்றி வந்தேன். கொட்டகைத் தூணில் மணி என்ற அவருடைய நாய் கட்டிக் கிடந்தது. அதையும் பார்த்தேன். அதே மார்பு, அதே பாவனை. மானை நான் எங்க பாத்தேன் மேடம், அளவுக்கு இவனத்தான் நிக்க வச்சேன், பத்து நாளா கட்டிப் போட்டதுல எம்மேல கோவமா கீறான் என்றார் எத்திராஜ்.

பிறந்ததிலிருந்து ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மனிதர் அவர். அக்கரையில் ஐந்தாறு மைலில் மான் நிற்கிறது. ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை.

வாலை வெட்டிவிட்டு, சைக்கிள் ஸ்பிரிங் வைத்து வேறு வால் பொருத்தச் சொன்னேன். அதில் மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பு ஒன்றைக் கட்டித் தூரத்திலிருந்து இழுத்தால் வால் ஆடும். ரேஞ்சர் வந்து பார்த்துவிட்டு, நூறு அடி தூரத்தில் புதருக்குள் நின்றால் மான்தான் என்று தீர்ப்புச் சொன்னார். நெஞ்சு கொஞ்சம் நாய் மாதிரி இருக்கிறதே என்றேன். சுட வர்றவன் நெஞ்சையா பார்ப்பான், கொம்பத்தான் பார்ப்பான் என்றார். அவர் படித்தவர்.

4. நெல் தின்ற மான்

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே மானைக் காட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டோம். ஊரில் பேச்சுப் பரவட்டும், வேட்டைக்காரர்கள் காதுக்கும் போகட்டும் என்பது திட்டம். தினமும் காலையில் ஏசுபாதம் அண்ணா போய் அதை இடம் மாற்றி வைப்பார். ஒரு நாள் பனைக்குப் பக்கத்தில், ஒரு நாள் சூரைப் புதருக்குப் பின்னால். வெயில் அதிகமான நாளில் நிழலில் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, உண்மையான மான் வெயிலில் நிற்காது என்றார்.

நாலாம் நாள் பக்கத்து ஊர் விவசாயி முனிரத்தினம் ஒரு மனுவோடு ஆபீஸுக்கு வந்தார். காட்டை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கர் சம்பா நெல், அறுவடைக்குத் தயாராக இருந்தது. கொம்புள்ள ஆண் புள்ளிமான் ஒன்று நான்கு நாட்களாகத் தன் வயலில் இறங்கிக் கதிரைத் தின்று அழித்துவருகிறது, பகலில் காட்டு ஓரத்தில் பயமில்லாமல் நின்று தன்னை முறைக்கிறது, ஆகையால் நஷ்ட ஈடு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்கக் கன்னம் வலித்தது. அந்த மான் தின்னாது என்று சொன்னால் ரகசியம் போய்விடும். நீங்களே கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“இன்னாம்மா இப்டி கேக்கறீங்கோ. தெனம் பாக்கறேன். கல்லால அட்ச்சேன், நவுரவே இல்ல. அவ்ளோ திமிரு அதுக்கு.”

வயலைப் போய்ப் பார்த்தேன். வரப்போரம் நாலு முழம் கதிர் மிதிபட்டிருந்தது உண்மைதான். மிதித்தது எருமை என்று குளம்புத் தடமே சொன்னது. எருமை அவருடைய தம்பியுடையது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று பிறகு தெரிந்தது. தம்பியோடு சண்டை போடுவதைவிட சர்க்காரிடம் மனு கொடுப்பது சுலபம் என்று நினைத்திருக்கிறார். மனுவைக் கிழித்துப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் வந்த காகிதத்துக்கு எண் போடாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. பதிவேட்டில் ஏற்றி, முத்திரை வைத்து, விசாரணையில் உள்ளது என்று ரசீது கொடுத்து அனுப்பினேன்.

5. பகல் பதினொன்றரை

காணும் பொங்கல் அன்று காலை எட்டு மணிக்கே நாங்கள் புதருக்குள் இறங்கிவிட்டோம். நானும் ஏசுபாதம் அண்ணாவும் மானிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு சூரைப் புதருக்குள். அவர் கையில் தங்கூஸ் நரம்பு. ரேஞ்சர் ரோட்டு முனையில் ஜீப்போடு நிற்பார், சத்தம் கேட்டதும் வந்து வழியை மறிப்பார் என்பது ஏற்பாடு. ஏரி ஓரத்துப் பெண்களை அன்று ஒரு நாள் வடக்கே தள்ளி இறால் பிடிக்கும்படி முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சூரை முள் முதுகில் குத்த மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரை மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் நாட்டுத் துப்பாக்கி. முகத்தைப் பார்த்தேன். போன வருஷம் என் ஜீப்பைத் தள்ளிய அதே சிரித்த முகம். அவன் பெயர் பாபு என்பது பிறகு வழக்குக்கு மகஜர் எழுதும்போது தெரிந்தது.

மானைப் பார்த்ததும் மூவரும் உட்கார்ந்தார்கள். ஏசுபாதம் அண்ணா நரம்பை இழுத்தார். வால் ஆடியது. பாபு குறி வைத்துச் சுட்டான். அந்தச் சத்தத்தில் கொக்குகள் எல்லாம் கிளம்பிப் போயின. ரவை பட்டு மானின் விலாவில் இரண்டு ஓட்டை விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மான் அசையவில்லை.

அது குழாய்க்குள் மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் எங்களுக்கு உள்ள நேரம் என்று பலமுறை பேசி வைத்திருந்தோம். சத்தம் கேட்டதும் நான் எழுந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், பயத்தில் உட்கார்ந்தே இருந்தேன். ஏசுபாதம் அண்ணாவுக்கும் அதே நிலைமை. அவர் கை மட்டும் தானாக நரம்பை இழுத்துக்கொண்டே இருந்தது.

பாபு எழுந்து நின்று பார்த்தான். பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

“இன்னாடா இது. சுட்டா வால ஆட்டுது.”

மானுக்கு ஏதோ ஆகிவிட்டது, காது கேட்காத மானாக இருக்கும் என்று கூட இருந்தவன் சொன்னான். பாபு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மறுபடி மருந்து கெட்டிக்க ஆரம்பித்தான். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் போட்டோ ஞாபகம் வந்தது. எழுந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. கெட்டிக்கிற கம்பி குழாய்க்குள் இருக்கும்போதே துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமோ பயமோ இல்லை. நிஜமான அக்கறையோடு கேட்டான்.

“மேடம், நீங்களா? மறுபடி ஜீப்பு மாட்டிக்கிச்சா?”

துப்பாக்கியை விடு என்றேன். விட்டான்.

மற்ற இருவரும் ஏரியை நோக்கி ஓடினார்கள். தெரியாதவர்கள் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. பத்தடியில் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, பதினைந்தடியில் இடுப்பு வரை இறங்கி நின்றுவிட்டார்கள். வடக்கே இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு வந்து, படகுத் துடுப்பை நீட்டி அவர்களை இழுத்துக் கரையில் போட்டார்கள். அவர்களில் ஒருத்தி குண்டான் ஓட்டையைப் பற்றி அவர்களிடம் நிறையக் கேட்டாள். அதை இங்கே எழுத முடியாது.

ரேஞ்சர் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. வேட்டுச் சத்தம் கேட்டு ஜீப்பைக் கிளப்பும்போது இரண்டு வேன் ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு டச்சுக் கல்லறைக்கு வழி கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

6. பொன்னேரி கோர்ட்

மானைச் சான்றுப் பொருளாகக் கழுத்தில் சீட்டுக் கட்டி ஆபீஸில் வைத்தோம். கேஸ் ஒன்றரை வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு ஜீப் கிடைக்காத நாட்களில் நானும் ஏசுபாதம் அண்ணாவும் பொன்னேரி பஸ்ஸில் மானை ஏற்றிக்கொண்டு போனோம். கண்டக்டர் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக வைக்கச் சொல்வார். பஸ்ஸை முந்திப் போகிற பைக் ஓட்டிகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

காப்புக்காட்டுக்குள் துப்பாக்கியோடு வந்ததை எதிர்த்தரப்பு வக்கீல் மறுக்கவில்லை. வேட்டையாட முயன்றதை மறுத்தார். தன் கட்சிக்காரர்கள் அது பொம்மை என்று தெரிந்தே விளையாட்டாகச் சுட்டார்கள், இதைப் பார்த்து எந்த மனிதனும் மான் என்று நினைக்க மாட்டான், இது நாய் என்றார். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் மானைப் பார்த்துக் கோர்ட்டே சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்தது. மூன்று வருஷம் உள்ளே போக வேண்டிய குற்றம், பொம்மையைச் சுட்ட விளையாட்டாகப் போய்விடும் போலிருந்தது. அப்படிப் போனால் அடுத்த பொங்கலுக்கு அவர்கள் என்னைத் தேடி வந்தே சிரிப்பார்கள்.

எத்திராஜ் கூண்டில் ஏறினார். இதைச் செய்தது நீங்கள்தானா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஆமாங்கய்யா, அடியில பாருங்கோ என்றார் அவர். எனக்குப் புரியவில்லை. ஏசுபாதம் அண்ணா மானைப் படுக்கப் போட்டார். வயிற்றில் நீலப் பெயிண்டில் அழகான எழுத்து: ஃபைபர் போட் ஒட்டு வேலை சிறந்த முறையில் செய்து தரப்படும், எத்திராஜ், லைட்ஹவுஸ் குப்பம். செய்கிற எல்லாப் படகிலும் போடுவது, கை பழக்கத்தில் வந்துவிட்டதாம். மாஜிஸ்திரேட் அதை முழுவதும் வாசித்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வக்கீல் விடவில்லை. எதைப் பார்த்து இதைச் செய்தீர்கள் என்று கேட்டார். எத்திராஜ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் நாயைப் பார்த்துச் செய்தேன் என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு முனிரத்தினத்தின் மனு ஞாபகம் வந்தது. எங்கள் அரசு வக்கீலின் காதில் சொன்னேன். அடுத்த வாய்தாவுக்குப் பதிவேடும் மனுவும் கோர்ட்டுக்கு வந்தன. முனிரத்தினமும் வந்தார். கதர்ச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, நஷ்ட ஈடு தரத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு வந்திருந்தார். கூண்டில் ஏறிய பிறகுதான் மானைப் பக்கத்தில் பார்த்தார். விலாவில் ஓட்டை, கழுத்தில் சீட்டு, தலை முதல் கால் வரை ஃபைபர். அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை.

நீங்கள் மனுவில் எழுதிய மான் இதுதானா என்று அரசு வக்கீல் கேட்டார். ஆமாம் என்றால் ஃபைபர் நெல் தின்றதாகச் சொன்ன பொய் வெளியே வரும். இல்லை என்றால் வேறு மானைக் காட்ட வேண்டும். முனிரத்தினம் கூண்டிலிருந்து எட்டி மானை இன்னொரு தடவை பார்த்தார்.

“பாத்தா மான்தாங்கய்யா. நாலு நாளு மான்னுதான் பாத்தேன். தின்னுச்சான்றத நான் கிட்ட போயி பாக்கல.”

நாலு நாள் பட்டப்பகலில், வயல் வரப்பில் நின்று பார்த்த ஒரு விவசாயி இதை மான் என்று நம்பி அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அரசு வக்கீல் சொன்னார். அது பொம்மை என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டார். பொம்மை என்று தெரிந்தவர்கள் எதற்காக இரண்டாம் முறை மருந்து கெட்டித்தார்கள் என்றும் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், மானைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

மூவருக்கும் தண்டனை கிடைத்தது. பொய் மனு கொடுத்ததற்காக முனிரத்தினத்தை மாஜிஸ்திரேட் கண்டித்து அனுப்பினார். அவர் என்னோடு நாலு மாதம் பேசவில்லை. தம்பியோடு பேச ஆரம்பித்திருந்தார். அண்ணனைக் கோர்ட்டில் ஏற்றியதில் தம்பிக்கும் என் பேரில் கோபம், அந்தக் கோபம் அவர்களை ஒன்று சேர்த்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

7. பார்த்தவர்கள்

ரேஞ்சருக்கு ஏகப்பட்ட பாராட்டு. அடுத்த பொங்கலுக்கு இரண்டு மான் வேண்டும் என்றார். நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். எத்திராஜ் முடியாது என்றார். கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் சிரித்துவிட்டார்கள், இனிமேல் ஒரு தடவையாவது மானை நேரில் பார்க்காமல் கையை வைக்க மாட்டேன் என்றார்.

ஒரு நாள் விடியற்காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த சமயம். காட்டு ஓரத்துக் குட்டையில் ஒரு பெண் மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றை ஒட்டி ஒரு குட்டி. நாங்கள் பனைக்குப் பின்னால் குந்தினோம். அது ஒரு வாய் குடிக்கும், தலையைத் தூக்கும், ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பும், மறுபடி குடிக்கும். குட்டிக்குக் கால் நாலும் நாலு பக்கம் போயிற்று. எத்திராஜ் காற்றில் கையை வைத்துக் கழுத்தின் வளைவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், படகின் விளிம்பைத் தடவுகிற மாதிரி. மான்கள் புதருக்குள் போன பிறகுதான் பேசினார்.

“வக்கீல் சொன்னது கரெக்டு மேடம். நான் பண்ணது நாய்தான்.”

அடுத்த வாரம் குப்பத்திலிருந்து இரண்டு மீனவர்களை அழைத்துக்கொண்டு அவரே வந்தார். இவனுங்களும் பாக்கணும்றானுங்கோ என்றார். அதற்கடுத்த வாரம் அவர்களில் ஒருவருடைய மனைவியும் மாமியாரும் வந்தார்கள். அந்த இறால் பிடிக்கும் பெண்கள் மட்டும் வரவில்லை. தினமும் பார்க்கிறோமே, அதை வேறு நின்று பார்க்க வேண்டுமா என்று சிரித்தார்கள்.

அத்தனை வருஷமாக வேட்டையாடாதே, மானைக் காப்பாற்று என்று குப்பம் குப்பமாகப் போய் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் மானைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பார்க்காத ஒன்றுக்காக எவன் தன் வேலையை விட்டுவிட்டு எனக்குத் தகவல் சொல்வான்? வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் விலங்கைக் காட்டுங்கள். அதற்கு ஒரு விடியற்காலை போதும்.

அந்த வருஷம் காணும் பொங்கல் அன்று எத்திராஜ் செய்த புது மான்கள் இரண்டும், நிஜமாகவே மான் மாதிரி, புதருக்குள் நின்றன. அவற்றைச் சுட யாரும் வரவில்லை. காலை ஒன்பது மணிக்குள் எனக்குக் குப்பத்திலிருந்து ஏழு போன் வந்திருந்தது. ஒரு வெள்ளை வேன் காட்டு ரோட்டில் திரும்பியிருக்கிறது, உடனே வாங்கோ என்று ஏழு பேரும் ஒரே வேனைப் பற்றிச் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது படகுக்காரர்கள் நாற்பது பேர் ரோட்டின் குறுக்கே வலையை விரித்துப் போட்டு, நிதானமாகக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். வேன் வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.